அறுபது குதிரைக்கு எவ்வளவு காற்று

எங்கள் வீட்டு முன்னறையில் சோபா போட வேண்டிய இடத்தில் ஓர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. பழைய டயரைத் தரையில் கிடத்தி, அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய எஞ்சின் அது. நாலு சிலிண்டர். தண்ணீர் விட்டுக் குளிர வைக்கும் ரகம் இல்லை, காற்றுப் பட்டே சூடு ஆறுகிற ரகம். அதற்காகவே சிலிண்டர்களைச் சுற்றி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளுக்குள் தூசி துடைப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பொருளைத் தூசியோடு விட எனக்கு மனசு வராது.

இது ஒரு நாள் வானத்தில் பறக்கும் என்று அண்ணியின் கணவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. "சூடு தாங்கினா பறக்கும்" என்றார்.

அண்ணி என் கணவரின் அக்கா. நாத்தனார் என்றால் பலருக்கு மனதில் வேறு படம் வரும். எங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. அவரும் அவர் கணவரும் மாடியில், நாங்கள் கீழே, சமையலறை ஒன்று. அண்ணி ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் ஆப்பரேட்டர். அங்கே அவருக்குப் பெயர் மீட்டரம்மா. முள் காட்டாத எதையும் நம்ப மாட்டார். வீட்டிலும் அப்படியே. ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துவிட்டு, மேல் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சொல்லிவிடுவார். என் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, "இது ரெண்டும் ஒத்துப் போகுது, இது பொய் சொல்லுது" என்று மூன்றாவதைக் குப்பையில் போட்டார்.

"அக்கா, காய்ச்சல் எனக்கு. தெர்மாமீட்டருக்கு இல்ல" என்று போர்வைக்குள்ளிருந்து முனகினார் என் கணவர்.

"நீ சும்மா படுடா. உனக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே மருந்து."

அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்பேன். பஸ் ஓட்டுநர். லீவு நாளெல்லாம் பறக்கும் பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் வாங்கியவர். சொந்தமாக ஒரு விமானம் கட்ட வேண்டும் என்பது அவருடைய பித்து. ஊருக்கு வெளியே புல்தரை ஓடுபாதை ஒன்று, அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று. கொட்டகையின் சொந்தக்காரர் வெல்டிங் வேலை செய்பவர். அவரை எல்லோரும் ஷெட்காரர் என்றே கூப்பிட்டோம். அங்கேதான் குழாய்களை ஒட்டி, மரச்சட்டம் வைத்து, ஒரே ஆள் உட்காரும் விமானத்தை அண்ணன் எழுப்பினார். இறக்கைக்குத் துணி தைத்தது நான். தையல் மெஷினைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து தைத்தேன். சட்டை கிழிந்தால் மானம் போகும், இது கிழிந்தால் ஆளே போய்விடுவார் என்று ஒவ்வொரு தையலுக்கும் ஆண்டவனைக் கூப்பிட்டேன்.

எஞ்சினை முன்னறையிலிருந்து கொட்டகைக்குக் கொண்டுபோன பிறகுதான் அண்ணியின் வேலை தொடங்கியது. அதை ஓர் இரும்புச் சட்டத்தில் இறுக்கி, முன்னால் மர விசிறியை மாட்டினார்கள்.

"வித்தவன் எண்பது குதிரைன்னு சொன்னான்" என்றார் அண்ணன்.

"அவன் வாயால சொன்னான். நான் பெட்ரோலைக் கேட்டுக்கறேன்."

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எனக்கே விளங்கும்படி அண்ணி சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு குதிரைச் சக்தியை ஒரு மணி நேரம் இழுக்க, எஞ்சின் ஏறக்குறைய முந்நூறு மில்லி பெட்ரோல் குடிக்கும். எந்த எஞ்சினானாலும் கொஞ்சம் முன்னே பின்னே அதுதான் கணக்கு. குடித்ததை அளந்தால் இழுத்ததைச் சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் கொடுத்து, எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டார். கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன். அண்ணி மட்டும் பாட்டிலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் காலியானதும் கையைத் தூக்கினார். எஞ்சின் நின்றது.

"மணிக்குப் பதினெட்டு லிட்டர். அறுபது குதிரை."

"மிச்சம் இருபது எங்க போச்சு?" என்றார் அண்ணன், பறிகொடுத்தவர் போல.

"வித்தவன் வாயிலேயே இருந்திருக்கும், பாவம், மேய்ஞ்சுக்கிட்டு" என்றார் ஷெட்காரர்.

அண்ணன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாளே விமானத்திலிருந்து கனத்தைக் குறைக்க ஆரம்பித்தார். அலங்காரத்துக்கு வைத்திருந்த மூடிகள் போயின. இருக்கையின் பஞ்சு பாதியானது. நிதானமாகப் பறந்தால் நாற்பது குதிரை போதும், மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் ஆகும் என்று அண்ணி சொன்னார். நாற்பது லிட்டர் டேங்கில் அரை மணிக்கு ஆகிற பெட்ரோலைத் தொடவே கூடாது, ஏறும்போது கூடுதலாகவும் குடிக்கும், ஆகவே இரண்டரை மணிக்கு மேல் வானத்தில் இருக்கக் கூடாது என்று கட்டளையும் போட்டார்.

"பஸ்ஸுன்னா நடு ரோட்டுல நிறுத்திட்டு இறங்கி நடந்திடலாம்" என்றார் என் கணவர். "மாமா, மேல நிறுத்த ஸ்டாப்பிங் இல்ல. அக்கா சொல்றதைக் கேளுங்க."

"கேட்காம எங்க போறேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து அதானே வேலை."

அடுத்ததுதான் பெரிய வேலை, சூடு. பெட்ரோல் எரிந்து வருகிற சூட்டில் நாலில் ஒரு பங்குதான் விசிறியைச் சுற்றும், பாதி புகையோடு வெளியே போய்விடும். மீதியைக் காற்றுதான் எஞ்சின் மேலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்காவிட்டால் எஞ்சின் வானத்திலேயே இறுகி நின்றுவிடும். விமானத்தின் மூக்கில் எஞ்சினுக்கு ஒரு மூடி உண்டு. மூடியின் முன்னால் காற்று நுழைய இரண்டு வாய். உள்ளே நுழைந்த காற்று சிலிண்டர்களின் மேலிருந்து கீழாக, அந்த அடுக்குத் தகடுகளின் நடுவே இறங்கி, அடியில் ஒரு திறப்பு வழியாக வெளியே போகும். எவ்வளவு காற்று வேண்டும், அதற்கு எவ்வளவு பெரிய திறப்பு வேண்டும் என்று அண்ணி கணக்கிட்டார். சமையலறை மேடையில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் அவருடைய கணக்கு. "அண்ணி, பால் பொங்குது" என்றால், "எத்தனை டிகிரியில?" என்று கேட்பார்.

காற்று குறுக்கு வழியில் தப்பித்துப் போகாமல் ஓரங்களை அடைக்க ரப்பர் துணிப் பட்டை வேண்டும். அதை நான் தைத்துக் கொடுத்தேன். அண்ணி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "உன் கை வேலைல காத்துகூட வழி தேடணும்" என்றார். பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

சோதிக்கிற அதிகாரி வந்து, போல்ட் போல்ட்டாகப் பார்த்து, நல்ல முறையில் நாலு கேள்வி கேட்டு, பறக்க அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் முறை பறந்த காலை, காற்றே இல்லை. நான் விடியும்போதே குளித்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். கொட்டகை வாசலில் அண்ணி கை ரேடியோவோடு நின்றார். சிலிண்டர் தலையின் சூட்டை அண்ணன் படித்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று ஏற்பாடு. இருநூற்று எண்பது டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து, ஆனால் அவ்வளவு போகாது, நூற்றுத் தொண்ணூற்றில் நின்றுவிடும் என்பது அண்ணியின் கணக்கு. இருநூற்று இருபதைத் தாண்டினால் எந்தக் கேள்வியும் இல்லாமல் திரும்பி வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

விமானம் புல்லில் குலுங்கி ஓடியது. திடீரென்று குலுக்கல் நின்றது. தரையை விட்டிருந்தது. என் கணவர் கத்தினார், ஷெட்காரர் விசில் அடித்தார். நான் தைத்த துணி வெயிலில் மின்னியது.

"நூத்தி எழுபது" என்றது ரேடியோ. சிறிது நேரத்தில், "நூத்தி எண்பத்தஞ்சு."

அண்ணி தலையாட்டினார்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

தலையாட்டல் நின்றது.

"இருநூத்திப் பத்து." அண்ணனின் குரலில் இன்னும் சந்தோஷம்தான். பஸ் ஓட்டுகிற பழக்கத்தில், யாரும் கேட்காமலே வேகத்தையும் சேர்த்துச் சொன்னார். "ஸ்பீடு நூறு. சூப்பரா ஏறுது."

அண்ணியின் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன். "நூறா?" என்றார், ரேடியோவில் இல்லை, தனக்குள். பிறகு பொத்தானை அழுத்தினார். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"ஏறாதீங்க. மூக்கைக் கீழ இறக்குங்க. எஞ்சினைக் குறைங்க. வேகம் வரட்டும்."

"இன்னும் கொஞ்சம் உயரம் இருந்தா..."

"இப்பவே. காத்து போதல. உங்க வேகம்தான் காத்து. இறக்குங்க!"

ஓடுபாதைக்கு அப்பால் மரங்கள். அதற்கு மேலேதான் அவர் இருந்தார். எஞ்சின் நின்றால் இறங்க ஒரு துண்டு வெளி கிடையாது. ரேடியோ பேசாமல் இருந்த அந்தச் சின்ன நேரத்தில் நான் ஆண்டவனிடம் எதையெல்லாம் தருவதாகச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

"இருநூத்தி இருபத்தி நாலு" என்றார் அண்ணன். இப்போது சிரிப்பு இல்லை. "மூக்கை இறக்கிட்டேன். ஸ்பீடு நூத்தி நாப்பது." ஒரு மூச்சு. "இருநூத்திப் பதினாறு. குறையுது. குறையுதும்மா."

வட்டமடித்து வந்து இறங்கினார். இறங்கியதும் ஓடிவந்து எல்லோரையும் கட்டிப்பிடித்தார். வானத்தைத் தொட்டவர் அல்லவா. ஆனால் அண்ணி ஓரமாகக் கிடந்த பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என் தப்பு" என்றார். "நேரா பறக்கற வேகத்துக்குக் கணக்குப் போட்டேன். நூத்தி அறுபதுக்கு. ஏறும்போது நூறுதானே இருக்கும். எஞ்சின் முழுசா எரியற நேரத்துல காத்தோட அழுத்தம் பாதிகூட இல்ல."

"அது எப்படி அண்ணி விட்டுப் போச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"ஃபேக்டரி புத்தி. அங்க ஃபேன் ராத்திரி பகல் ஒரே வேகத்துல சுத்தும். காத்து கரண்ட்லேர்ந்து வரும். எவ்வளவு ஐஸ் பிடிச்சாலும் காத்து அதேதான். இத்தனை வருஷமா அப்படியே பார்த்த கண்ணு. இங்க காத்து இவர் போற வேகத்துலேர்ந்து வருதுன்னு வாயால சொல்லத் தெரிஞ்சுது, கணக்குல வைக்கத் தெரியல."

அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அதான் வந்துட்டேனே."

"வராம இருந்திருந்தா?"



அதன் பிறகு அண்ணி கொட்டகைப் பக்கமே வரவில்லை. வேலைக்குப் போவார், வருவார். சமையலறை மேடை வெறும் சமையலறை மேடையாக இருந்தது. பால் பொங்கினால் பேசாமல் இறக்கி வைத்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. "வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்லு. என் கணக்கை நம்பி அவர் இனி ஏற வேணாம்" என்று என்னிடம் சொன்னார். அண்ணனோ, "அவ கணக்கு இல்லாம நான் ஏறப் போறதில்ல" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேரும் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். விமானம் தார்ப்பாய்க்குள் இருந்தது. அப்படியே கிடந்துவிடுமோ என்று பயந்தேன். அதைவிட, இரண்டு பேரும் இப்படியே இருந்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

ஒரு விடுமுறை மத்தியானம், தையல் மெஷினை எடுக்க வேண்டும், தூக்க ஒரு கை வேண்டும் என்று சொல்லி அண்ணியைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். பொய் இல்லை, மெஷின் கனம்தான். உள்ளே போனால் அண்ணனும் ஷெட்காரரும் எஞ்சின் மூடியைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தார்கள். முன்னால் காற்று நுழையும் இரண்டு வாயைச் சுற்றிலும் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டிருந்தது. ஷெட்காரர் கையில் தகரம் வெட்டும் கத்தரி.

"என்ன பண்றீங்க?" என்றார் அண்ணி.

"காத்து போதலேன்னு நீதானே சொன்னே. வாயைப் பெரிசாக்கறோம்" என்றார் அண்ணன்.

"கையை எடுங்க! ரெண்டு பேரும்!"

ஷெட்காரர் கத்தரியை மேஜையில் போட்டுவிட்டுப் பின்னால் போனார். அண்ணி உள்ளங்கையால் சாக்பீஸ் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

"உள்ள வர்ற வழி ஏற்கனவே போதும். வெளிய போற வழிதான் சின்னது. உள்ள வந்தது போக இடமில்லாம மூஞ்சிலயே முட்டிட்டுத் திரும்பும். வாசலை அகலமா வெச்சிட்டு கொல்லைக் கதவைப் பூட்டினா கூட்டம் எங்க நகரும்? பஸ் ஓட்டறவர்தானே நீங்க? முன்னாடி ஏத்திக்கிட்டே இருந்தா, பின்னாடி யாரும் இறங்கலேன்னா?"

"உள்ளயே நசுங்குவாங்க" என்றார் அண்ணன் பணிவாக.

"அதான் உங்க சிலிண்டர்."

ஷெட்காரர் மெதுவாகக் கேட்டார், "அப்ப கீழ வெட்டலாமா மீட்டரம்மா?"

"வெட்டக் கூடாது. பெரிசா வெட்டிட்டா நேரா பறக்கும்போது தேவையில்லாத காத்து போய் வேகத்தை இழுக்கும், பெட்ரோல் கூடும். கீழ ஒரு கதவு வைக்கணும். ஏறும்போது திறக்கணும், நேரா வந்ததும் மூடணும். உட்கார்ந்த இடத்திலேர்ந்தே இழுக்கற மாதிரி கம்பி." சொல்லிக்கொண்டே வழக்கமாகக் காதில் செருகியிருக்கும் பென்சிலைத் தேடினார். காதில் இல்லை. ஷெட்காரர் தன்னுடையதைக் கொடுத்தார்.

அந்த மெஷினை அன்று யாரும் தூக்கவில்லை.

கதவு வைத்த பிறகும் அண்ணி அவரை ஏற விடவில்லை. காகிதத்தில் சரியாக வந்தது ஒரு தடவை ஏமாற்றிவிட்டது, இனிக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஃபேக்டரியில் கேட்டு ஐஸ் லாரியைக் கொண்டு வந்தார்கள். விமானத்திலிருந்து எஞ்சினையும் மூடியையும் கழற்றி, லாரியின் கூண்டுக்கு மேலே உயரமாகச் சட்டம் கட்டி, முன்னோக்கி நிறுத்தினார்கள். மூடிக்குள் சிலிண்டருக்கு மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். இரண்டையும் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயில் சேர்த்து, உள்ளே நீலச் சாயம் கலந்த தண்ணீர். மேலே காற்று அழுத்தி, கீழே விட்டுக்கொடுத்தால், தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காற்று சிலிண்டர்களின் நடுவே போகிறது என்று அர்த்தம்.

அண்ணன் லாரியை ஓட்டினார். அண்ணி பக்கத்தில் குழாயைப் பிள்ளை போல மடியில் பிடித்துக்கொண்டார். ஓடுபாதையில் லாரி நூறைத் தொட மூச்சு வாங்கியது. கதவு மூடியிருந்தபோது தண்ணீர் இரண்டு விரல் உயரம்கூட ஏறவில்லை. திறந்து வைத்து இன்னொரு முறை ஓட்டினார்கள். திரும்பி வந்தபோது லாரி நிற்கும் முன்பே அண்ணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார். மூன்று விரல்.

"பஸ்ஸை இப்படி ஓட்டினா என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார் அண்ணன், இறங்கி வியர்வையைத் துடைத்தபடி.

"வீட்டுல வெச்சுக்க மாட்டேன்" என்றார் அண்ணி. அந்தப் பேச்சைக் கேட்டு நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். நேருக்கு நேர் பேசிக்கொண்டுவிட்டார்களே!

எஞ்சினைத் திரும்ப விமானத்தில் மாட்டிய பிறகும் அவர் எச்சரிக்கையைக் கைவிடவில்லை. நூற்று இருபது வேகத்துக்குக் கீழே ஏறக் கூடாது, அவசரப்பட்டுச் செங்குத்தாகப் போகாமல் சாய்வாகப் போக வேண்டும், மரங்கள் இல்லாத பக்கமாக ஏற வேண்டும் என்று மூன்றையும் அண்ணனை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பையன் போலச் சொன்னார். கிளம்பும் முன் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கும்பிட்டியா?" என்று கேட்டார். அதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை.

"ரெண்டு தடவை அண்ணி."

"சரி. நானும் ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

விமானம் புல்லை விட்டது. இந்த முறை யாரும் கத்தவில்லை.

"ஸ்பீடு நூத்தி இருபது. சூடு நூத்தி அறுபத்தெட்டு. கதவு திறந்திருக்கு."

அண்ணி ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நூத்தி எண்பத்தி நாலு... நூத்தித் தொண்ணூத்தி மூணு..." விமானம் சாய்வாக, பொறுமையாக ஏறிக்கொண்டிருந்தது. "நூத்தித் தொண்ணூத்தாறு."

பிறகு ஒன்றும் வரவில்லை. ஷெட்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"நூத்தித் தொண்ணூத்தாறு" என்றது ரேடியோ. அப்புறம், "அதே. நூத்தித் தொண்ணூத்தாறு. அங்கயே நிக்குதும்மா. முள் அசையல."

விமானம் சின்னதாகிக்கொண்டே போனது. இன்னும் ஏறியது. முள் அசையவில்லை.

"ஹலோ, இருக்கியா?" என்றார் அண்ணன். "ஏதாச்சும் சொல்லு. நான் இங்க தனியா இருக்கேன்."

அண்ணியின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. நான் ரேடியோவை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, எந்தப் பொத்தான் என்று தேடி அழுத்தினேன்.

"இருக்காங்கண்ணா. அழறாங்க. நீங்க பாட்டுக்கு ஏறுங்க."

"அழறாளா? நம்ம மீட்டரம்மாவா? எவ்வளவுன்னு அளந்தீங்களா?"

வெடுக்கென்று ரேடியோ என் கையிலிருந்து போய்விட்டது.

"யாரு அழறா?" என்றார் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஏறினது போதும். நேரா வந்து கதவை மூடுங்க. பெட்ரோல் சும்மா போகுது."